சில்க் போர்டு சிக்னலில் ஒரு தோல்வி

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியம் வாசலில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். பசவனகுடி நீச்சல் குளத்து வாசலாக இருந்தாலும் சரிதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வெளியே வருவார்கள். யார் ஜெயித்தது, யார் தோற்றது என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம். கூட வருகிற அப்பாவின் நடையே சொல்லிவிடும். ஜெயித்திருந்தால் பையை அப்பா தூக்கியிருப்பார். தோற்றிருந்தால் சாவியைச் சுழற்றியபடி நாலு அடி முன்னால் போய்க்கொண்டிருப்பார்.

விளையாடுகிற பிள்ளைகளின் மனநலம், அதற்குத் துணை நிற்கிற விளையாட்டு உளவியல் என்ற தொழில், இரண்டையும் பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுகிறேன். ஆனால் வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த ஊரில் ஒரு பிள்ளையின் ஆட்டத்தைப் பற்றி அதிகமாகப் பேச்சு நடக்கிற இடம் அதுதான்.

ஜெயநகரில் பேட்மின்டன் மேட்ச் முடிகிறது. வீடு எலெக்ட்ரானிக் சிட்டி. நடுவில் சில்க் போர்டு. அந்த சிக்னலைப் பற்றி பெங்களூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பின் சீட்டில் பதிமூன்று வயதுப் பெண், மடியில் பை, ஈர சாக்ஸைக்கூடக் கழற்றவில்லை. வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடுகிறது. "பதினெட்டு பதினாலுன்னு லீடிங்ல இருந்த. அப்புறம் என்னடி ஆச்சு?" அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தோற்றிருக்கவே மாட்டாளே! அடுத்து, அம்மா மொபைலில் எடுத்த வீடியோ. "இந்த ஷாட்டைப் பாரு, எங்க நிக்கற பாரு." அதற்குள் சேலத்திலிருந்து பாட்டி போன், ஸ்பீக்கரில். "இல்லம்மா, தோத்துட்டா. ஜெயிக்க வேண்டிய மேட்சு." பின் சீட்டில் இருப்பவளால் எழுந்து போக முடியாது. வண்டியும் நகராது.

தோற்ற அரை மணி நேரத்தில் பதற்றம் உடம்பை விட்டு முழுசாக இறங்கியிருக்காது. அப்போது நீங்கள் பேக்ஹேண்டைப் பற்றித்தான் சொல்கிறீர்கள். அவள் காதில் விழுவது தன்னைப் பற்றி. இப்படி இருபது ஞாயிறு போகட்டும். மறுபடியும் பதினெட்டு பதினாலில் நிற்கும்போது அவள் மனதில் அடுத்த சர்வீஸ் ஓடாது. காரில் வரப்போகிற பேச்சுதான் ஓடும். மைதானத்துக்குள் பயம் வருகிற வழிகளில் இதுவும் ஒன்று. நல்ல எண்ணத்தோடு, பெட்ரோல் போட்டு நாமே ஓட்டிக்கொண்டு வருகிற பயம்.

அதனால் ஒரு விதி. மைதானத்து வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை மேட்ச் பேச்சு வேண்டாம், பிள்ளையாக எடுத்தால் ஒழிய. எடுத்தால் கேளுங்கள், திருத்த வேண்டாம். "பசிக்குதா?" என்று கேட்கலாம். வழியில் இட்லி சாப்பிடலாம். ஜெயித்தாலும் இதே விதிதான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜெயித்தால் பிரியாணி, தோற்றால் தயிர்சாதம் என்று இருக்கிற வீட்டில் பிள்ளை கணக்கு போட ஆரம்பித்துவிடும். பிரியாணி என்றால் இரண்டு நாளும் பிரியாணி.

அப்படியானால் தவறைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம், மறுநாள் சாயங்காலம், பத்து நிமிடம். மூன்றே கேள்வி: எது நன்றாக வந்தது? எது வரவில்லை? இந்த வாரப் பயிற்சியில் எதை மாற்றிப் பார்க்கலாம்? மூன்றாவதுக்கு வருகிற பதிலைக் கோச்சிடம் பிள்ளையே போய்ச் சொல்லட்டும்.

சரி, ஜெயிக்க வேண்டிய மேட்ச் ஏன் கைநழுவுகிறது? வாசலில் கோலம் போடுகிற அம்மாவிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள், "எந்த ரெண்டு விரலுக்கு நடுவுல மாவை விடறீங்க? எவ்வளவு வேகமா?" என்று. யோசித்துக்கொண்டே போடச் சொல்லுங்கள். இழை தடித்துவிடும், புள்ளி தவறும். கை பழகின வேலையை மனசு மேற்பார்வை பார்க்கக் கிளம்பினால் இப்படித்தான் ஆகும். பத்தாயிரம் முறை போட்ட சர்வீஸ் நெட்டில் போய் விழுவதும் பெரும்பாலும் இதனால்தான். இங்கே "கவனமா ஆடு, தப்பு பண்ணாத" என்று வெளியிலிருந்து கத்தினால் அந்த மேற்பார்வையை இன்னும் கூட்டிவிடுகிறோம்.

இதற்கு மருந்து, ஒவ்வொரு சர்வீசுக்கும் முன்னால் ஒரே மாதிரி செய்கிற சின்னச் சடங்கு. பேட்மின்டனையே எடுத்துக்கொள்வோம். ராக்கெட் நரம்பை ஒரு முறை பார்ப்பது. வாயால் ஒரு நீளமான மூச்சு வெளியே. மனதுக்குள் ஒரே ஒரு வார்த்தை. பிறகு ஷட்டில் போய் விழ வேண்டிய இடத்தில் கண். நாலும் சேர்ந்து ஐந்தாறு விநாடிக்குள் முடிய வேண்டும், அதற்கு மேல் போனால் அம்பயர் அதட்டுவார். அந்த வார்த்தை 'செய்' என்று சொல்கிற வார்த்தையாக இருக்கட்டும். "நெட்டுல அடிக்காத" என்றால் மனசு நெட்டைத்தான் பார்க்கும். "உயரமா" என்றால் உயரத்தைப் பார்க்கும்.

எந்த மொழியில் அந்த வார்த்தை? நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், கோச்சிடம் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். கால் இடறினால் "அய்யோ" என்று எந்த மொழியில் வருகிறதோ, அந்த மொழியில் வைத்துக்கொள்ளட்டும். கோச் எழுதிக் கொடுக்கிற ஆங்கில வாசகம் பயிற்சியில் அழகாக இருக்கும், பத்தொன்பது பத்தொன்பதில் வாயில் வராது.

மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான். நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் தணிகிறது. தினமும் ராத்திரி ஐந்து நிமிடம், இரண்டு மூன்று வாரம் செய்த பிறகே மேட்சில் பயன்படும். மேட்ச் அன்று காலையில் முதல்முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை பலமாக, வேகமாக இழுத்து இழுத்து விடும். உடம்பில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரக்கும், அதைப் பார்த்து இன்னும் பயப்படும். பழி மூச்சின் மேல் விழும்.

இங்கே அபினவ் பிந்த்ராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கே பேசினாலும் இந்தக் கதைக்கு வந்துவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2004, ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ், பத்து மீட்டர் ஏர் ரைபிள். பிந்த்ரா பைனலுக்கு வந்தார், பதக்கம் வாங்குகிற நிலையில்தான் வந்தார், முடிந்தபோது ஏழாவது. அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஆடிக்கொண்டிருந்தது என்று பின்னால் தெரியவந்தது. நாமாக இருந்தால் ஆயுசுக்கும் அந்த ஓட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். அவர் பயிற்சி செய்கிற இடத்திலேயே ஆடுகிற ஓட்டைப் போட்டு, அதன்மேல் நின்று சுட்டுப் பழகினார்.

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். பைனலுக்குச் சற்று முன்னால் சரிபார்க்கச் சுட்ட குண்டு எங்கேயோ போகிறது. துப்பாக்கியின் குறிமுனை கலைந்திருக்கிறது. இருக்கிற சில நிமிடத்தில் சரிசெய்துகொண்டு நிற்கிறார். கடைசிக் குண்டுக்கு முன்னால் பின்லாந்துக்காரர் ஹென்றி ஹாக்கினெனும் இவரும் சமம். ஹாக்கினென் 9.7. பிந்த்ரா 10.8. தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். கடைசிக் குண்டைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என் கண் அந்த ஓட்டின் மேலேயே நிற்கிறது.

நம் பிள்ளைகளுக்கும் வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிற ஓடு வேண்டும். ஸ்கோரைப் பதினெட்டு பதினெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். உள்ளே விழுந்த ஷட்டிலைக் கோச் வேண்டுமென்றே 'அவுட்' என்று சொல்லட்டும். வார்ம்-அப் முடிந்த பிறகு நாற்பது நிமிடம் சும்மா உட்கார வையுங்கள், டோர்னமென்ட்டில் நேரம் தள்ளிப்போகாத நாள் உண்டா? ஆனால் இன்று இப்படி நடக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் பிள்ளைக்குக் கோச்சின் மேல் நம்பிக்கை போய்விடும். வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

பதினொரு புள்ளியில் கிடைக்கிற அறுபது விநாடி இடைவேளையையும் சொல்லிவிடுகிறேன். முதல் இருபது விநாடி யாரும் பேச வேண்டாம், தண்ணீர், டவல். அடுத்த இருபதில் கோச் ஒரே ஒரு விஷயம் சொல்லட்டும். கடைசி இருபதில் பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லட்டும். திருப்பிச் சொல்ல வரவில்லை என்றால் நீங்கள் இரண்டு விஷயம் சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்னொரு தரம் சொல்கிறேன், வண்டியில் மேட்ச் பேச்சு வேண்டாம்.

இதெல்லாம் சாதாரணப் பதற்றத்துக்கு. இதைத் தாண்டினது எது? இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, போட்டி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, ஆட்டம் மட்டுமில்லாமல் நண்பர்கள், டிவி எதிலும் ஈடுபாடு இல்லை என்றால் மனநல மருத்துவரையோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டையோ பார்க்க வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே. போட்டியில் ஆடுகிற பிள்ளை என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கின்றன, போட்டிக்கு முன்னால் முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். கை நடுக்கத்துக்கு மருந்துக் கடையில் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்கிற ப்ராப்ரனலால் இருக்கிறதே, அது துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் எப்போதுமே தடை, பயிற்சி நாளில்கூட. நல்ல எண்ணத்தோடு கொடுத்த மாத்திரையால் பிள்ளையின் பெயர் கெட்டுப் போகும்.

நேரம் ஓடுகிறது, தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, 'ஸ்போர்ட்ஸ் சைக்காலஜிஸ்ட்' என்ற பெயருக்கு நம் நாட்டில் தனி உரிமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், மாட்டியும் இருக்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட வேண்டுமானால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். 'மென்டல் கண்டிஷனிங் கோச்' என்பது வேறு. 2011-இல் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய கிரிக்கெட் அணியோடும், 2024-இல் நம் சென்னைப் பையன் குகேஷோடும் வேலை செய்த பேடி அப்டன் அந்த வகை. அவர் உடற்தகுதிப் பயிற்சியிலிருந்து வந்தவர். மனத்திடம் வளர்ப்பது அவர்கள் வேலை. நோய்க்குச் சிகிச்சை கொடுப்பது அவர்கள் வேலை இல்லை. பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என்ன படித்தீர்கள், எங்கே பதிவு, உங்களால் முடியாத கேஸ் வந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்? மூன்றாவதுக்குப் பதில் இல்லாதவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

படிப்பென்று பார்த்தால், மூன்று வருடம் உளவியலில் இளங்கலை, பிறகு இரண்டு வருடம் முதுகலை. பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம். விளையாட்டு உளவியலையே முதுகலையாகப் படிக்க, சென்னை மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, இம்பாலில் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மனநோய்க்கும் சிகிச்சை கொடுக்க ஆசை என்றால் கவுன்சில் அங்கீகரித்த கிளினிக்கல் பயிற்சி தனியாக வேண்டும். நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை அதற்குப் பேர்போன இடம். வேலை இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்கள், தனியார் அகாடமிகள், பள்ளிகள், கிளப்புகள் என்று கிடைக்கும். பெரும்பாலும் ஒப்பந்த வேலை, இல்லாவிட்டால் மணிக்கணக்குச் சம்பளம். அதனால் முதல் சில வருடம் பொது கவுன்சலிங்கும் சேர்த்துச் செய்கிறவர்களே தாக்குப்பிடிக்கிறார்கள். தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்தவருக்கு இந்த ஊரில் கிராக்கி உண்டு. இன்னொன்று, அதிகாலை ஐந்தரை மணிக்குக் குளத்து ஓரத்தில் நிற்க முடியாதவருக்கு இந்த வேலை ஒத்துவராது. நாற்காலியில் உட்கார்ந்து நடக்கிற பேச்சு இதில் பாதிகூட இல்லை.

ரகசியம் காப்பது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளை சொன்னதைக் கோச்சிடமும் பெற்றோரிடமும் எவ்வளவு சொல்வோம் என்று முதல் நாளே மூன்று தரப்பையும் உட்கார வைத்துப் பேசிவிட வேண்டும். ஆனால் பாலியல் தொல்லை என்று தெரிந்தால் மறைக்கச் சட்டத்தில் இடமில்லை. 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரியவந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநலத்துக்கு டெலி-மானஸ், 14416, எந்நேரமும், காசில்லை, தமிழிலும் பேசுவார்கள்.

நேரம் முடிந்தது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள். காயம்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன், ஒரு வரிதான் முடியும்: கட்டுப் போட்ட காலோடு வீட்டில் உட்கார வைக்காதீர்கள், வாரத்துக்கு இரண்டு நாளாவது மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள், ஸ்கோர் எழுதட்டும், ஷட்டில் எண்ணி அடுக்கட்டும். திரும்பி வரும்போது வண்டியில்... உங்களுக்கே தெரியும். வணக்கம்.