முடிவுரை எழுதாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

13 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 6 நாளில் கதை எழுதச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றுதான் சொன்னேன். அப்புறம் ஏன் போனாய் என்றால், கோவில்பட்டி மே மாத வெயிலில் மின்விசிறி ஓடுகிற ஒரு நூலக அறை தருகிறோம் என்றார்கள். அந்த ஆசைதான். நூலகத்தில் அறை கேட்பதற்கு நாம் கூச்சப்படவே வேண்டியதில்லை, பாருங்கள். 1948-இல் நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

14 பேர் வந்தார்கள். தினமும் காலையில் 2 மணி நேரம். ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு.

முதல் நாள், "உங்கள் அம்மாவைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள்" என்றேன். எழுதினார்கள். படித்துப் பார்த்தால் 14 பேருக்கும் ஒரே அம்மா! தியாகத்தின் திருவுருவம், அன்பின் இருப்பிடம், நடமாடும் தெய்வம். கடைசியில் "எனவே நாம் அனைவரும் தாயைப் போற்றுவோம்." பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டால்தான் பள்ளியில் மதிப்பெண். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போயிருக்கிறது.

ஒரு பெண் பிள்ளையைக் கேட்டேன். "அம்மா என்ன வேலைக்குப் போறாங்க?"

"தீப்பெட்டி ஆபீஸுக்கு, சார்."

வெளியூர் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "வாசல்லயே நின்னு சேலையை உதறுவாங்க. மருந்து முக்காத குச்சி ரெண்டு மூணு விழும். தங்கச்சி பொறுக்கி டப்பாவுல போட்டு வச்சுக்குவா. ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. கணக்குப் போட."

இதை எழுது என்றேன். "இதையா சார்?" என்றாள். அந்தக் கேள்வியைத்தான் 6 நாளும் வெவ்வேறு வாயிலிருந்து கேட்டேன். இதையா சார்? இதெல்லாம் எழுதலாமா?

நான் அங்கே செய்தது இவ்வளவுதான். எழுதலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இரண்டாம் நாள் இலக்கணப் புத்தகத்தை எடுத்தேன். பயப்படாதீர்கள். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மனப்பாடம் செய்திருப்போமே, அதுதான். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அந்த இடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில். உரிப்பொருள் அங்கே இருக்கிற மனுஷர் மனசில் ஓடுவது. தேர்வுக்குப் படித்ததும் மறந்துவிடுகிற இந்தப் பட்டியலைப் போல எழுதுகிறவனுக்குக் கைகொடுக்கிற பாடம் வேறு இல்லை என்பது என் கட்சி. "உங்கள் தெருவுக்குக் கருப்பொருள் எழுதுங்கள்" என்றேன். மரம்: வேம்பு, முனிசிபாலிட்டி வெட்டாமல் விட்ட பாதி. உணவு: ரேஷன் அரிசி, கடலைமிட்டாய்த் தூள். பறை என்ற இடத்தில் ஒருவன் என்ன எழுதினான் தெரியுமா? "குழாயில் தண்ணி வரும் முன் வரும் காற்றுச் சத்தம்." தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக்கிடந்த ஊர்க்காரர்களுக்குத்தான் அந்தச் சத்தம் பறையாகக் கேட்கும்.

அன்றைக்கே குறுந்தொகையிலிருந்து ஒரு செய்தியும் சொன்னேன். பிரிவில் இருக்கும் பெண் தன் நிலையை, ஆள் இல்லாமல் போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதற்கு ஒப்பிடுகிறாள். பாடியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவர் சொன்ன அணிலை வைத்தே அணிலாடு முன்றிலார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க என்னென்ன எழுதினாரோ, நிலைத்து நின்றது ஒரு அணில். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாள் முழுக்க ஒருவரையொருவர் "ஓட்டைச்சைக்கிளார்", "கரண்டுபோன வீட்டார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் உரையாடல். ஒரு பையன் கதையில் பாட்டி பேரனிடம் "உணவருந்தினாயா?" என்று கேட்கிறாள். "உங்க பாட்டி அப்படியாடா கேப்பாங்க?" என்றதும் அறையே சிரித்தது. வீட்டுப் பேச்சை எழுதினால் தப்பு என்று நினைக்கிறார்கள். பக்கத்து இடைசெவல் கிராமத்திலிருந்து இரண்டு பேர் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார்கள், கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும். அதில் கி.ரா. இந்தக் கரிசல் பேச்சுக்கு ஒரு அகராதியே தொகுத்தவர் என்றேன். பாதிப் பேருக்கு இடைசெவல் ஒரு பஸ் நிறுத்தம், அவ்வளவுதான்.

ஒருவன் கைப்பேசியிடம் கேட்டு வாங்கிய கதையைக் கொண்டுவந்தான். ஒரு பிழை இல்லை. கதையில் நல்ல மழை. "எந்தத் தெருவுலப்பா பெஞ்சுது?" என்றேன். சிரித்துவிட்டு, நோட்டைத் திருப்பிப் புதுப்பக்கம் எடுத்தான். திட்டத் தேவைப்படவில்லை.

இனி என் தவறு. இன்னொரு பையன், ரொம்பப் பேசாதவன், தாத்தாவின் ஆட்டுக் கிடையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தான். எனக்கு அதைப் பார்த்ததும் உற்சாகம் தாங்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். சந்திப்பிழை, ஒற்று, பத்தி மாற்றம், அங்கங்கே "கதைக்குத் தேவையில்லை" என்று ஒரு கோடு. பக்கமே சிவந்துபோனது. நல்லது செய்கிறோம் என்ற நினைப்புத்தான். நான்காம் நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. டியூஷன் ஆரம்பித்திருக்கும் என்றார்கள். எனக்குத் தெரியும், டியூஷன் இல்லை. பிறகு எந்த நோட்டிலும் நான் பேனா வைக்கவில்லை. வாயால் ஒரு கேள்வி, அதோடு சரி.

கடைசி நாள் வாசிப்பு. வீட்டுப் பெரியவர்களையும் அழைத்திருந்தோம். ஷிப்டு முடியாததால் அம்மாக்கள் அதிகம் வரவில்லை. பாட்டிமார்களும் சில அப்பாக்களும் வந்தார்கள். பாதியில் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பையன் வந்தான். கையில் வேறு நோட்டு. கதையை முதலிலிருந்து புதிதாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறான்.

வாசித்தான். என் திருத்தத்தில் ஒற்றுப்பிழைகளை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தான் போல. மற்றதெல்லாம் அவனுடையதே. ஒரு இடம் வந்தது. தாத்தா ஆடுகளை எண்ண மாட்டாராம், எண்ணினால் குறைந்துபோகுமாம். அதனால் ராத்திரி பாட்டியை விட்டு எண்ணச் சொல்வாராம். குறைந்தால் பாட்டி கணக்கில் போகட்டும் என்று. பின்வரிசையில் ஒரு பாட்டி முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும். சிரிப்பு அடங்கும்வரை அவன் நிறுத்திக் காத்திருந்தான், தேர்ந்த பேச்சாளன் மாதிரி.

"கதைக்குத் தேவையில்லை" என்று நான் கோடு போட்ட வரி அது.

வணக்கம்.