‘கொஞ்சம் இழுக்கும்’ என்று ஓர் ஆஸ்திரேலியர் சொன்னால்

மெல்பர்னின் டாண்டினாங் பகுதியில் நடந்த பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்

விழாத் தலைவர் அவர்களே, நகர மன்ற உறுப்பினர் அவர்களே, தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, விடியற்காலையிலிருந்து அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் சமையல் குழு அண்ணன்மார்களே, முன் வரிசையில் விசிறியோடு அமர்ந்திருக்கும் பெரியம்மாக்களே, பின் வரிசையில் போனோடு அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். இந்த மண்ணின் மூத்த குடிகளான புனுராங் மக்களுக்கும் என் வணக்கம்.

நகர மன்ற உறுப்பினருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். தமிழ் தெரியாமலேயே நாம் சிரிக்கும் இடத்தில் எல்லாம் சரியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நம் பொருளாளர் உட்கார்ந்து காதில் மொழிபெயர்க்கிறார். பொருளாளர் ஐயா, அவர் இடையில் எழுந்து போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவரிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஆஸ்திரேலியரின் பேச்சும் சிரிப்பும் சாப்பாடும்’. மூன்றையும் வரிசையாகப் பேசுவேன். அதற்கு முன் ஒரு பழமொழி: ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே.’ என் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும், வீட்டுக் கடன் பற்றிப் பேசினாலும் இதைத்தான் சொல்வேன், கல்யாணம் பற்றிப் பேசினாலும் இதைத்தான் சொல்வேன். இன்றைக்கு அது நிஜமாகவே பொருந்துகிற தலைப்பு கிடைத்திருக்கிறது, விடுவேனா?

முதலில் பேச்சு. இந்த ஊர்க்காரர்களுக்கு எந்தச் சொல்லையும் முழுதாகச் சொல்லும் பொறுமை கிடையாது. ஆஃப்டர்நூன் இங்கே ‘ஆர்வோ’. பெட்ரோல் பங்க் ‘சர்வோ’. ஆம்புலன்ஸ்காரர் ‘ஆம்போ’, தீயணைப்பு வீரர் ‘ஃபயரி’, கொசு ‘மோஸி’, காலைச் சாப்பாடு ‘பிரெக்கி’, எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் தச்சரும் மொத்தமாக ‘டிரேடி’. மெக்டொனால்ட்ஸை ‘மேக்காஸ்’ என்று கூப்பிட்டே வந்தார்கள். கடைசியில் அந்தக் கம்பெனியே இறங்கிவந்து, 2013 ஆஸ்திரேலியா தினத்தை ஒட்டிச் சில கடைகளின் பெயர்ப் பலகையில் ‘மேக்காஸ்’ என்று எழுதி மாட்டியது. ஒரு நாடு ஒரு கம்பெனிக்குச் செல்லப்பெயர் வைத்து, அதைக் கம்பெனியே ஏற்றுக்கொள்ள வைத்திருக்கிறது! ஆள் பெயரும் தப்பாது. பேரி என்றால் பஸ்ஸா, கேரி என்றால் கஸ்ஸா, ஷாரன் என்றால் ஷஸ்ஸா. முருகேசன் என்ற பெயரோடு இங்கே ஒரு கட்டட வேலைக்குப் போய்ப் பாருங்கள், டீ இடைவேளைக்குள், அதாவது ‘ஸ்மோகோ’வுக்குள், முஸ்ஸாவாகத்தான் வெளியே வருவீர்கள். கோபப்படாதீர்கள். செல்லப்பெயர் வைக்காமல் மரியாதையாகவே பேசிக்கொண்டிருக்கிறார்களே, அப்போதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

குளிக்கப் போகும் உடையிலும் ஊருக்கு ஊர் சண்டை. விக்டோரியாவில் ‘பேதர்ஸ்’, சிட்னியில் ‘ஸ்விம்மர்ஸ்’ அல்லது ‘கோஸி’, குயின்ஸ்லாந்தில் ‘டாக்ஸ்’. ஆண்கள் போடும் சின்ன நீச்சல் ஜட்டிக்குக் ‘கிளி கடத்துகிறவர்’ என்ற பொருளில் ‘பட்ஜி ஸ்மக்ளர்ஸ்’ என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டு என்னை மேடையில் சங்கடப்படுத்தாதீர்கள், வீட்டில் பிள்ளைகளைக் கேளுங்கள். பிரதமராக இருந்த டோனி அபட் அதைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நடப்பார். ஊரே கேலி செய்யும், அவரும் நடந்துகொண்டே இருப்பார். ஆனால் அவர் சும்மா நடக்கவில்லை. கடலோர உயிர்காப்புக் கிளப்பில் தொண்டர், காட்டுத்தீ அணைக்கும் படையிலும் தொண்டர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

அடுத்தது சிரிப்பு. இவர்களுடைய நகைச்சுவையே எதையும் குறைத்துச் சொல்வதில்தான் இருக்கிறது. நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் தார் உருகும்போது பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, ‘இன்னிக்குக் கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கு’ என்பார். சிவப்புத் தலைமுடிக்காரரை, நேர்மாறாக, ‘புளூயி’, அதாவது நீலம், என்று கூப்பிடுவார்கள். நம் ஆட்கள் தலைவலியைக்கூடத் ‘தலை வெடிக்குது’ என்றுதான் சொல்வோம். இவர்கள் கால் உடைந்தாலும் ‘அவ்வளவு மோசமில்லை’ என்பார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த நாட்டில் காலை விடாதீர்கள் என்று சொல்லத்தான் என் சித்தப்பா கதை.

சித்தப்பா திருவையாற்றுக்காரர். காவிரியில் வெள்ளம் புரண்டு வரும்போது படித்துறையிலிருந்து குதித்து அக்கரை போனவர் என்று அவரே சொல்வார், சித்தி மறுப்பார். ஒரு ஜனவரியில் இங்கே வந்திருந்தார். வந்ததும் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் ஒன்றே ஒன்று: ‘நோ வொரீஸ்.’ தபால்காரர் காலை வணக்கம் சொன்னால் ‘நோ வொரீஸ்’. கடைப் பெண் மீதிச் சில்லறை கொடுத்தால் ‘நோ வொரீஸ்’. என் மேலதிகாரி வீட்டுக்கு வந்து, ‘தாங்கள் ஊரில் என்ன தொழில் செய்தீர்கள்?’ என்று கேட்டார். அதற்கும் ‘நோ வொரீஸ்’. கவலையே இல்லாத தொழில்போல என்று அந்த மனிதர் பொறாமையோடு போனார்.

அப்படிப்பட்டவரை டார்க்கீ பக்கம் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். உயிர்காப்புத் தொண்டர்கள் காவல் காக்கும் இடம் இதுதான் என்று காட்ட, சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருந்தது. கொடிகளுக்கு நடுவே ஒரே கூட்டம், அலையும் பெரிது. கொஞ்சம் தள்ளி ஓர் இடம். அங்கே அலையே இல்லை, தண்ணீர் கரும்பச்சையாக, குளம் மாதிரி, ஆளில்லாமல் கிடந்தது. சித்தப்பா பார்த்தார். ‘டேய், இவ்வளவு நல்ல இடத்தை விட்டுட்டு ஏன்டா அங்கே போய் இடிபடறாங்க?’ வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரர், மூக்கில் வெள்ளைக் களிம்பு, காலடியில் ஐஸ் பெட்டி. அதற்கு இங்கே ‘எஸ்கி’. செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, ‘அங்கே கொஞ்சம் இழுக்கும், மேட்’ என்றார். சித்தப்பா என்னைப் பார்த்தார். ‘கொஞ்சம் இழுக்குமாம் சித்தப்பா’ என்றேன். ‘கொஞ்சம்தானே!’ என்று பெரியவரைப் பார்த்து ஒரு கும்பிடு, ஒரு ‘நோ வொரீஸ்’. இறங்கிவிட்டார்.

இடுப்பளவு தண்ணீர். திரும்பிச் சிரித்தார். அப்புறம் மார்பளவு. அப்புறம் தலை மட்டும். கரையைப் பார்த்துத்தான் நீந்துகிறார், கை நன்றாக வீசுகிறது, ஆனால் ஆள் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்! சித்தி, ‘பாரேன், இந்த வயசில எவ்வளவு தூரம் போறார்’ என்று முதல்முறையாகப் பெருமைப்பட்டார். நான் கத்த வாயைத் திறப்பதற்குள் சிவப்பு மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண், பள்ளிக்கூடம் முடித்திருப்பாளோ என்னவோ, பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் படுத்தாள். பலகையோடு போனாள், பலகையோடு வந்தாள். பலகை மேல் சித்தப்பா. சித்தப்பா மேல் வேட்டி இல்லை. அது கடலோடு போய்விட்டது.

அந்தப் பெண் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, மூச்சிரைக்காமல், ‘இருக்கிறதிலேயே அமைதியான இடமாப் பார்த்துப் பிடிச்சிருக்கீங்க’ என்றாள். பிறகு குனிந்து, ‘நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்டாள். சித்தப்பா ஒரு சொம்பு உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு, என்ன சொன்னார் தெரியுமா? ‘நோ வொரீஸ்!’

எஸ்கிப் பெரியவர் செய்தித்தாளை மடித்தார். ‘கொஞ்சம் இழுக்கும்னு சொன்னேனே’ என்றார். அப்புறம் கடலைப் பார்த்து, ‘துணியைத் தேடாதீங்க, இந்நேரம் டாஸ்மேனியாவில் கரை ஏறியிருக்கும்.’

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நம் பொருளாளர் மொழிபெயர்த்து முடித்திருப்பார், உறுப்பினரும் சிரிக்கிறார். ஆனால் அலை இல்லாத அந்தக் கரும்பச்சை இடம் இருக்கிறதே, அதற்குத்தான் ‘ரிப்’ என்று பெயர். கரைக்கு வந்து சேர்ந்த தண்ணீர் எல்லாம் ஒரு வாய்க்கால் மாதிரி கடலுக்குத் திரும்புகிற வழி அது. ஆழமாக இருப்பதால் அலை உடைவதில்லை, அலை உடையாததால் பார்க்க அமைதி. புதிதாய் வந்தவர் கண்ணுக்கு அதுதான் பத்திரமான இடம். எதிர்த்து நீந்தினால் தோற்றுப்போவீர்கள். பதறாமல் மிதந்து, ஒரு கையை உயர்த்திக் குரல் கொடுக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற நம் பாட்டி பாண்டைக் கடற்கரையைப் பார்த்ததே இல்லை. 1938 பிப்ரவரி 6, சிட்னி பாண்டைக் கடற்கரையில் அடுத்தடுத்து வந்த பேரலைகள் நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே இழுத்தன. டோனி அபட்டைப் பற்றிச் சொன்னேனே, அவரைப்போன்ற உயிர்காப்புக் கிளப் தொண்டர்கள் அன்று காவலுக்கு இருந்து இறங்கியதால்தான் இறந்தவர்கள் ஐந்து பேரோடு நின்றது.

பிரதமரையே கடலுக்குக் கொடுத்த நாடு இது. ஹாரல்ட் ஹோல்ட், பதவியில் இருக்கும்போதே, 1967 டிசம்பர் 17 அன்று இதே விக்டோரியாவில் போர்ட்ஸீ அருகே செவியட் கடற்கரையில் நீந்தப் போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர் நினைவாக மெல்பர்ன்காரர்கள் எதற்குப் பெயர் வைத்தார்கள்? நீச்சல் குளத்துக்கு! கிளென் ஐரிஸில் இன்றும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். யாராவது சொல்லாமல் கொள்ளாமல் நழுவினால் ‘ஹாரல்ட் ஹோல்ட் போட்டுவிட்டார்’ என்றும் சொல்வார்கள். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குளத்தில்தானே நீச்சல் கற்க முடியும், சரியான நினைவுச் சின்னம்தான் என்று தோன்றுகிறது.

கேலி போதும். 2024 ஜனவரி 24, பிலிப் தீவில் ஃபாரஸ்ட் கேவ்ஸ் என்ற கடற்கரை. காவல் இல்லாத கடற்கரை. இந்தியப் பின்னணி கொண்ட ஒரு குடும்பத்தில் நான்கு பேர் ஒரே பிற்பகலில் கடலில் மூழ்கி இறந்துபோனார்கள். நம்மில் பலர் விடுமுறைக்குப் பென்குயின் பார்க்கப் போகிற தீவு அது. ஒவ்வொரு கோடையிலும் நம்மைப்போல வெளிநாட்டில் பிறந்து வந்தவர்கள் தண்ணீரில் போகிறார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே ‘நிப்பர்ஸ்’ என்று கடற்கரைக் கிளப்பில் சேர்ந்து கடலைப் படிக்கிறார்கள். நாம் பிள்ளைகளைக் கணக்கு டியூஷனில் சேர்க்கிறோம். இரண்டும் வேண்டும் ஐயா! கணக்கு மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அலை விடுமுறை விடாது.

பெரியம்மாக்களே, உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன், நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். ‘அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு நான் குளத்தில் இறங்குவேனா?’ என்று கேட்பீர்கள். அந்த உடுப்பு வேண்டாம். முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை கால்சட்டை, எல்லாம் கடையில் இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து வெள்ளைக்காரர்களே அதைத்தான் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுகிறார்கள். 1981இல் ஒரு கார்ட்டூன் கடற்பறவையை டிவியில் ஆட விட்டு, சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று நாட்டுக்கே பாடம் எடுத்தவர்கள் இவர்கள்.

மூன்றாவது சாப்பாடு. தலைவர் மணியைக் காட்டுகிறார். ஓட்டுச் சாவடி வாசலில் சாசேஜ் சுட்டு விற்கிற நாடு இது, 2016இல் ‘டெமாக்ரஸி சாசேஜ்’ ஆண்டின் சொல்லாகவே தேர்வானது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த அடுப்புக்குப் பக்கத்தில் நம் தோசைக்கல்லைப் போட வேண்டும் என்பது பெரிய தலைப்பு, சித்திரைத் திருநாளில் கூப்பிட்டால் பேசுகிறேன்.

இப்போது நகர மன்ற உறுப்பினர் அவர்களே. பொருளாளர் ஐயா, நிதானமாகச் சொல்லுங்கள். எங்கள் கோரிக்கை இரண்டு. மன்றத்தின் நீச்சல் குளத்தில் வாரத்தில் ஒரு மாலை பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள், ஆழமில்லாத பக்கம் போதும். அதில் நாற்பது வயதுக்கு மேல் முதன்முதலாக இறங்குகிறவர்களுக்குப் பொறுமையான ஓர் ஆசிரியை வேண்டும். தமிழ் தெரிந்தவர் கிடைத்தால் அவருக்கு நாங்களே மாலை போட்டு அழைத்துவருகிறோம். அவர் தலையை ஆட்டுகிறார். ‘பார்க்கலாம்’ என்கிறார். இந்த ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை, அதனால் வரும் வாரமே கடிதத்தோடு உங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம்.

கடிதத்தில் பெயர் அதிகம் இருந்தால் நல்லது. பின்பக்கம், செருப்பு விட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் நோட்டு வைத்திருக்கிறேன். பெயரும் வயதும் எழுதுங்கள். வயது எழுத விருப்பமில்லாத பெரியம்மாக்கள் பெயர் மட்டும் எழுதுங்கள். சமையல் குழு அண்ணன்மார்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான், யாரும் ஹாரல்ட் ஹோல்ட் போடக் கூடாது. அடுத்து குழந்தைகளின் கும்மி, அவர்கள் திரைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.