பத்தானில் பட்டினியோடு நின்றவர்கள்

வணக்கம் நண்பர்களே. கடல் காற்று பலமாக அடிக்கிறது, மைக்கைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுகிறேன். நான் நிற்பது பிலிப்பைன்ஸில் பத்தான் மாகாணம், மரிவேலெஸ் என்ற ஊர். பின்னால் ஒரு வெள்ளைத் தூண் தெரிகிறதா? கிலோமீட்டர் பூஜ்யம். 1942 ஏப்ரலில் ஜப்பானியப் படை போர்க்கைதிகளை நடத்திக்கொண்டு போன பாதை தொடங்கும் இடம். இங்கிருந்து சாலையோரமாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இப்படி ஒரு கல் நட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் என்றாலே அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தர் பெயர்தான் முதலில் வரும். "நான் திரும்பி வருவேன்" என்றார், வந்தார். அவரைப் பற்றித் தேடினால் வேண்டிய மட்டும் கிடைக்கும். நான் பேச வந்தது இங்கேயே இருந்தவர்களைப் பற்றி. பத்தானைக் காத்து நின்ற படையில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பிலிப்பினோக்கள். அவர்களுக்கு என்ன நடந்தது, போர் முடிந்த பிறகு அவர்களை எப்படி நடத்தினார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அது எனக்குப் பெரிய வருத்தம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் கையில் இருந்தது. 1946இல் சுதந்திரம் தருவதாகச் சட்டமே போட்டிருந்தார்கள். 1935இல் மானுவல் கெஸோன் தலைமையில் உள்நாட்டு அரசு அமைந்தது. அந்த அரசின் முதல் சட்டம் என்ன தெரியுமா? தேசப் பாதுகாப்புச் சட்டம். ஆயிரக்கணக்கான தீவுகள், பெரிய கடற்படைக்குப் பணம் கிடையாது. அதனால் வருடா வருடம் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஒரு பெரிய ரிசர்வ் படை, கூடவே கரையோரம் வேகமாக ஓடும் டார்பிடோ படகுகள் என்று மெக்ஆர்தரை ஆலோசகராக வைத்துத் திட்டம் போட்டார்கள். எல்லாம் 1946க்குள் தயாராக வேண்டும் என்பது கணக்கு. போர் அதுவரை காத்திருக்கவில்லை.

1941 டிசம்பர் 8. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தி வந்து பல மணி நேரம் ஆன பிறகும் இங்கே இருந்த கிளார்க் என்ற அமெரிக்க விமானத் தளத்தில் விமானங்கள் தரையில் வரிசையாக நின்றிருந்தன. ஜப்பானியக் குண்டுவீச்சில் ஒரே மதியத்தில் பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்க விமானப் படையின் பாதி பலம் போய்விட்டது. நான்கு நாள் கழித்து பதங்காஸில் பிலிப்பினோ விமானிகள் பழைய பி-26 விமானங்களில் ஏறிச் சண்டை போட்டார்கள். அந்த விமானம் அப்போதே காலாவதியானது. அன்று இறந்த சேசார் பாஸாவின் பெயரில் பம்பாங்காவில் இன்றும் ஒரு விமானப்படைத் தளம் இருக்கிறது.

தரைப்படையின் நிலைமை இன்னும் மோசம். முதல் உலகப் போர்க் காலத்து என்ஃபீல்ட் துப்பாக்கி, சராசரி பிலிப்பினோ உயரத்துக்கு அதன் மரக்கட்டைப் பிடி அதிக நீளம். சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் பாகம் அடிக்கடி உடையும், மாற்றுப் பாகம் கிடையாது. காலில் கான்வாஸ் ஷூ, தலையில் தென்னை நாரில் செய்த தொப்பி. சில பிரிவுகளில் அதிகாரி தகலாகு பேசுவார், சிப்பாய்க்கு பிக்கோல் மொழிதான் தெரியும். இவர்கள்தான் டிசம்பர் 22ஆம் தேதி லிங்காயென் வளைகுடாவில் இறங்கிய ஜப்பானிய ஜெனரல் ஹோம்மாவின் படைக்கு எதிரே நின்றார்கள்.

கரையில் தடுக்க முடியவில்லை. மறுநாளே மெக்ஆர்தர் பழைய திட்டத்துக்குத் திரும்பினார்: எல்லாரும் பத்தான் தீபகற்பத்துக்குப் பின்வாங்குங்கள், மணிலா வளைகுடாவின் வாயை அடைத்துக்கொண்டு நிற்போம். எதிரியோடு சண்டை போட்டபடியே அவ்வளவு பெரிய படையை உள்ளே கொண்டுவந்தது சாதாரண வேலை இல்லை, அதை நன்றாகவே செய்தார்கள்.

ஆனால் சாப்பாடு? இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. கபனத்துவானில் அரசாங்க நெல் கிடங்கு நிறைய அரிசி. ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்கு அரிசி கொண்டுபோகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது, அதைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். ஒரு மணி அரிசி கூட பத்தானுக்கு வரவில்லை. தார்லாக்கில் ஜப்பானிய நிறுவனங்களுக்குச் சொந்தமான டின் மீனும் இறைச்சியும் பெட்டி பெட்டியாக இருந்தன. எதிரி நாட்டுக் கம்பெனியின் சரக்கு! அதையும் எடுக்க அனுமதி கொடுக்கவில்லை. திட்டத்தில் இருந்தது 43,000 பேருக்கு ஆறு மாதச் சாப்பாடு. உள்ளே வந்தது சுமார் 80,000 சிப்பாய்கள், அவர்களோடு உயிருக்குப் பயந்து வந்த 26,000 பொதுமக்கள்.

1942 ஜனவரி 5இலேயே ரேஷனைப் பாதியாக்கினார்கள். மார்ச் கடைசியில் ஒரு ஆளுக்கு நாளைக்குச் சுமார் 1,000 கலோரிதான். எருமை, கோவேறு கழுதை எல்லாம் தீர்ந்தது. 26ஆம் குதிரைப்படையின் குதிரைகளையும் அறுத்தார்கள். அதில் அமெரிக்கத் தளபதி ஜெனரல் வெயின்ரைட்டின் சொந்தக் குதிரையும் ஒன்று. மலேரியா காட்டுத்தீ மாதிரிப் பரவியது, கொய்னா மாத்திரை இல்லை.

அப்படிப்பட்ட நிலையிலும் அவர்கள் நின்றார்கள் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜனவரி 16, குலிஸ் என்ற இடம். ஹோசே கலுகாஸ் ஒரு மெஸ் சார்ஜென்ட், சமையல் பொறுப்பு. தூரத்தில் ஒரு பீரங்கி ஓய்ந்துபோனதைப் பார்க்கிறார், அதை இயக்கியவர்கள் செத்தும் காயப்பட்டும் கிடக்கிறார்கள். குண்டு மழைக்கு நடுவே சுமார் ஒரு கிலோமீட்டர் ஓடி, ஆள் சேர்த்து, அந்தப் பீரங்கியை மறுபடி சுட வைத்தார். அதற்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

மேற்குக் கரையில் பின்பக்கமாக இறங்கப் பார்த்த ஜப்பானியப் பிரிவுகளைக் காட்டுக்குள்ளேயே முடித்தார்கள். மணிலாவும் பத்தானும் இருக்கும் லூசோன் தீவைப் பிடிக்க ஹோம்மாவுக்குக் கொடுத்த கெடு 50 நாள். பிப்ரவரி தொடக்கத்தில் அவர் தாக்குதலை நிறுத்திவிட்டுக் கூடுதல் படை கேட்க வேண்டியதாயிற்று. அதே பிப்ரவரி 15இல்தான் சிங்கப்பூர் விழுந்தது. அந்தச் சரணடைவு மலாயாத் தமிழர்களைச் சயாம் ரயில் பாதை வரைக்கும் இழுத்துக்கொண்டு போன கதை நம் வீடுகளில் தெரியும். சிங்கப்பூர் போன பிறகும், ஜாவா போன பிறகும் பத்தான் நின்றது.

மார்ச் 11 இரவு, மேலிடத்து உத்தரவின்படி மெக்ஆர்தர் மணிலா வளைகுடா வாயிலில் இருக்கும் கொரெகிடோர் தீவிலிருந்து படகில் கிளம்பினார். ஏப்ரல் 3, புனித வெள்ளி அன்று பெரிய தாக்குதல் தொடங்கியது. ஏப்ரல் 9இல் பத்தான் படையின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் கிங் சரணடைந்தார். கொரெகிடோர் மே 6 வரை தாக்குப்பிடித்தது. ஏப்ரல் 9 இங்கே தேசிய விடுமுறை, வீர தினம். தோற்ற நாளை ஒரு நாடு இப்படிக் கொண்டாடுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அப்புறம்தான் இந்தச் சாலை. பட்டினியிலும் காய்ச்சலிலும் கிடந்தவர்களைச் சித்திரை வெயில் நேரத்தில் சான் பெர்னாண்டோ வரை சுமார் 100 கிலோமீட்டர் நடக்க வைத்தார்கள். விழுந்தவர்களைக் கொன்றார்கள். அங்கிருந்து மூடிய சரக்கு ரயில் பெட்டிகளில் நிற்க இடமில்லாமல் அடைத்து காப்பாஸுக்கு. வழியில் ஊர் மக்கள் சோற்றையும் தண்ணீரையும் கைதிகளுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள், அதற்காக அடிபட்டார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். காப்பாஸில் இருந்த ஒடோனல் கைதி முகாமில் சில மாதங்களுக்குள் 20,000க்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் இறந்தார்கள்.

சரி, முகாமிலிருந்து விடுதலையாகி வெளியே வந்தவர்கள் என்ன செய்தார்கள்? பலர் கெரில்லாப் படைகளில் சேர்ந்தார்கள். தெற்கே மிண்டனாவோ தீவில் திரைச்சீலை தொங்கவிடும் பித்தளைக் கம்பியை வெட்டித் தோட்டா செய்தார்கள், தென்னங்கள்ளிலிருந்து சாராயம் காய்ச்சி வண்டி ஓட்டினார்கள். ஹோசெஃபினா குவெரெரோ என்ற பெண்ணைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தொழுநோய். அந்தப் புண்களைப் பார்த்து ஜப்பானியக் காவலர்கள் தொட்டுச் சோதிக்கப் பயந்தார்கள். 1945இல் கண்ணிவெடி புதைத்த இடங்களின் வரைபடத்தை முதுகில் ஒட்டிக்கொண்டு மணிலாவிலிருந்து கலும்பித் நோக்கி நடந்தே போய் அமெரிக்கப் படையிடம் சேர்த்தார். எத்தனை சிப்பாய்கள் அவரால் பிழைத்திருப்பார்கள்!

இனி நான் சொல்லப்போவதுதான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது. 1941 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டுத்தான் பிலிப்பைன்ஸ் படையை அமெரிக்க ராணுவத்தின் கீழ் கொண்டுவந்தார். 1946 பிப்ரவரி 18இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அவர்கள் செய்தது அமெரிக்க ராணுவச் சேவையாகக் கருதப்படாது என்றது. பெரும்பாலான சலுகைகள் போயின. 2009இல்தான் ஒரு தடவைத் தொகை அறிவித்தார்கள்: அமெரிக்கக் குடியுரிமை இருந்தால் 15,000 டாலர், இல்லையென்றால் 9,000. ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்களுக்கு இரண்டு விலை. 40,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், பாதிக்கும் குறைவானவர்களுக்கே கிடைத்தது. பெயர் அமெரிக்கப் பதிவேட்டில் இல்லை என்பது பலருக்குச் சொன்ன காரணம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்டவன் எந்த ஆபீஸில் போய்ப் பெயர் பதிந்திருப்பான்?

துபாயிலோ சிங்கப்பூரிலோ பிலிப்பினோ நண்பர்களோடு வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இந்தச் சேனலைப் பார்க்கிறீர்கள். அவர்களுடைய தாத்தா பாட்டி அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் கமெண்டில் எழுதுங்கள். நான் இப்போது பஸ் பிடித்து காப்பாஸ் போகிறேன், அடுத்த வீடியோ அங்கிருந்து.