சுவருக்கு ஒரு சித்திரம்

(தக்கலைக்கு அருகில் ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை ஒத்திவைத்துவிட்டு வந்து முன்னிலை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குப் பூசணிக்காய் வரையக் கற்றுக்கொடுக்க முயன்று தோற்றுப்போன ஓவிய ஆசிரியர் அவர்களே, இம்மேடையில் துணி மூடி வைத்திருக்கும் மூன்று படங்களுக்கும் சட்டம் செய்து தந்து கூலி வாங்க மறுத்துவிட்ட ஆசாரி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

புகழ்பெற்ற ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைக் கொண்டு வீட்டை அழகுபடுத்துவது பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சட்டமிடுவது, எங்கே மாட்டுவது என்று மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று என் பாட்டா ஓயாமல் சொல்வார். அவர் உடம்பைப் பேணச் சொன்ன வார்த்தை அது; நான் அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டுவிட்டேன்.

படத்தைத் தேர்ந்தெடுக்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1848-இல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, நம் குமரிப் பகுதியும் அன்று சேர்ந்திருந்த அதே திருவிதாங்கூரின் பிள்ளை. கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணை வரைந்து 1873-இல் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்றவர் என்பதைப் பலரும் அறிவோம். அவருக்கு முன்பே திருவிதாங்கூர் அரண்மனையில் தூரிகை பிடித்தவர்கள் தமிழ்நாட்டார் என்பதை எத்தனை பேர் அறிவோம்? சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் மதுரையிலிருந்து வந்த அழகிரி நாயுடு, அவருக்குப் பின் வந்த ராமசாமி நாயுடு ஆகியோரை இங்கே நினைக்க வேண்டும். எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை இளம் ரவிவர்மாவுக்குக் காட்டித்தர ராமசாமி நாயுடு மறுத்ததாகவும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை ஒளிவுமறைவாகச் சொல்லிக்கொடுத்ததாகவும் கூறுவார்கள். அந்த ஆறுமுகம் பிள்ளையின் பெயரில் நம்மிடம் ஒரு தெருவும் இல்லை.

1894-இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கி, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஓர் அச்சுக்கல் என்று தனித்தனியே ஏற்றி அச்சடித்த பின்னர்தான், அரண்மனைச் சுவருக்கு மட்டுமே உரியதாக இருந்த சரஸ்வதியும் லட்சுமியும் ஓலைக்கூரை வீட்டுக்குள்ளும் குடிவந்தார்கள். நம் பாட்டிமார் அவற்றுக்குச் சரிகைத் துணியும் சம்கியும் ஒட்டி அலங்கரித்தார்கள். கலை விமரிசகர்கள் அதைக் கேலி செய்யட்டும். எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. அச்சுப்படம் மலிவு என்பதற்காக வெட்கப்படுவது அண்மையில் வந்த நோய்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்த என் நண்பர் ஒருவர் புதுவீடு கட்டி, கூடத்துச் சுவரில் நான்கடி உயரமுள்ள மோனாலிசா படம் ஒன்றை மாட்டினார். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலப் படம் 77 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு பாப்லர் மரப்பலகை; நண்பரின் மோனாலிசாவோ வாசல் கதவுக்குப் போட்டியாக நின்றாள். பால்காய்ப்புக்கு முதல்நாள் இரவே வந்துவிட்ட அவருடைய பெரியம்மை, விடியற்காலையில் எழுந்து அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். கறுப்பு உடை, நகையில்லாத கழுத்து, பொட்டில்லாத நெற்றி, மடியில் அடங்கிய கை. காலமாகிப்போன யாரோ ஒரு சம்பந்தக்காரி என்று முடிவு செய்துவிட்டார். தோவாளையிலிருந்து வந்திருந்த பிச்சிப்பூ மாலைகளில் ஒன்றை எடுத்துச் சாத்தி, சந்தனமும் குங்குமமும் இட்டு, கீழே ஒரு விளக்கையும் ஏற்றி வைத்தார். விருந்தினர் வரத் தொடங்கினார்கள். மாலையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள். ஒருவர் நண்பரின் கையைப் பற்றிக்கொண்டு, "அம்மை இந்த வீட்டைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே" என்று கண்கலங்கினார். உள்ளறையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நண்பரின் அம்மை இதைக் கேட்டு எழுந்து வந்து, "ஏன் மக்கா, நான் இருக்கும்போதே எனக்கு மாலை போட்டாச்சா?" என்று கேட்டதும் கூடமே அதிர்ந்தது. குங்குமத்தைத் துடைக்கப் போய், அந்தப் புகழ்பெற்ற புன்னகையில் பாதி கரைந்து வந்துவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள்; நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெரியம்மையின் மேல் என்ன குற்றம்? படத்தின் கீழே ஓவியத்தின் பெயர், வரைந்தவர் பெயர், மூலப் படம் இருக்கும் ஊர் என்று மூன்று வரி இருந்திருந்தால், அவர் பேத்தியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார். பெயரில்லாத படம் சுவரை அடைக்குமே தவிர வீட்டாரோடு பேசாது. சுவரை வைத்துச் சித்திரம் எழுதலாம். சித்திரத்தை வைத்துப் பெயரையும் எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இதற்காகத்தான் இரண்டு ஆண்டுகளாக இந்த வாசகசாலையின் படியேறி வருகிறேன். புத்தகத்தை இரவல் தருவதுபோலப் படத்தையும் நாம் இரவல் தரலாம். ஒரு வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு அது அடுத்த வீட்டுக்குப் போகட்டும். இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. ஓவியர் இறந்து அறுபது ஆண்டுகள் கழிந்தால் நம் நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை முடிகிறது. ரவிவர்மா 1906-இல் மறைந்தார். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், வெர்மீரின் பால் ஊற்றும் பெண் உட்படத் தன்னிடமுள்ள பல ஓவியங்களின் தெளிவான படங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஆனாலும் என் ஆசை இங்கேயே இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்மாடத்துச் சுவரோவியங்கள் நமக்கு எட்டிய தொலைவில் உள்ளன. அரண்மனை நம் மாவட்டத்தில். பராமரிப்போ கேரள அரசிடம். அவற்றின் நல்ல அச்சுப் பிரதிகளை நம் வாசகசாலைகளுக்குத் தரும்படி ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். ஊராட்சித் தலைவர் முதல் கையெழுத்தை இட வேண்டும்; அவர் மறுக்க முடியாதபடி மேடையிலேயே கேட்டுவிட்டேன், பொறுத்தருள வேண்டும்.

சட்டமிடுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் துலா மழை என்னும் வடகிழக்குப் பருவமழையும் ஆக இரண்டு மழையும் பெய்யும் நாடு இது. கண்ணாடி படத்தோடு ஒட்டினால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவே தடித்த அட்டைக் கரை வேண்டும். சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோடும். ராமபாணப் பூச்சியும் அவ்வளவு எளிதில் அண்டாது. நேர்வெயில் படும் சுவர் வேண்டாம், வண்ணம் வெளுத்துவிடும். சுவரை வைத்துத்தான் சித்திரம். ஓதம் ஏறிய சுவரை வைத்து அதுவும் முடியாது.

எங்கே மாட்டுவது என்ற மூன்றாவது செய்திக்கு வருவதற்குள் தலைவர் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டார். அதை ஆசாரி என்னைவிட நன்றாகச் சொல்வார். ஆணியும் சுத்தியலும் அவர் கையில்தான் இருக்கின்றன. அவர் மேடைக்கு வந்து துணியை விலக்க வேண்டுகிறேன். மூன்று படங்கள், மூன்றின் கீழும் பெயர்ச்சீட்டு, நூலகர் மேசையில் புதிய இரவல் பதிவேடு. அதன் முதல் வரியில், பாதிப் புன்னகையை இழந்த என் நண்பர் கையெழுத்திடுவார்.