பாட்டு வகுப்பைக் கடன் வாங்கியவள் பேசுகிறேன்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் சகோதரிகளே, பாளையங்கோட்டைப் பெற்றோர்களே, மாணவியரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"பெண்கள் பள்ளியில் இசையும் ஓவியமும் கைத்தொழிலும் பாடமா, பொழுதுபோக்கா?" என்பது இன்று நமக்குத் தரப்பட்ட தலைப்பு. பாடமே என்று வாதாட வந்திருக்கிறேன். நான் கணக்கு ஆசிரியை. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள். பாட்டு வகுப்பையும் தையல் வகுப்பையும் "இன்று ஒருநாள் மட்டும்" என்று கடன் வாங்கியவளும் நானே. அந்தக் கடனை ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை.

அப்படிக் கடன் வாங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை. கரும்பலகையில் இருபடிச் சமன்பாடு எழுதிவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், மேசைப் பலகைக்குக் கீழே வலது கையைத் தொடையில் தட்டிச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணி, பிறகு தட்டித் திருப்பி, தட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கண் முழுக்கக் கரும்பலகையில்தான் இருந்தது. கை மட்டும் ஆதி தாளத்தில் இருந்தது. அதட்டினேன். கையை இழுத்து மடியில் புதைத்துக்கொண்டாள். அவளுடைய ஆச்சி ஊர்க் கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடியவர் என்பதும், அந்த வாரத்தில் அவள் வாய்விட்டுப் பாடக்கூடிய நேரம் நான் எடுத்துக்கொண்ட அந்த நாற்பது நிமிடம் மட்டுமே என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தன. அந்தப் பாடவேளையை எடுத்துக்கொண்டதால் என் வகுப்பின் தேர்ச்சி கூடியது என்று நெஞ்சில் கைவைத்து என்னால் சொல்ல முடியவில்லை.

எதிரணியின் முதல் பேச்சாளர், "ஐந்து பாடம், ஐந்நூறு மதிப்பெண், பெண் பிள்ளைக்கு விடுதலை வாங்கித் தருவது அந்த ஐந்நூறுதான்" என்றார். மதிப்பெண்ணின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பொழுதுபோக்கை வீட்டில் வைத்துக்கொள்ளட்டும் என்றாரே, அங்கேதான் அவருடன் முரண்படுகிறேன். எந்த வீட்டில்? முக்கூடல் பக்கத்திலிருந்தும் ஆலங்குளம் பக்கத்திலிருந்தும் வரும் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். நாலரை மணிக்குப் பேருந்தை விட்டு இறங்குகிறவள், சீருடையை மாற்றிவிட்டுச் சுளகை மடியில் இழுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். நனைத்த இலையைத் தகர அளவு வைத்துக் கத்தரிக்கிறாள், தூள் வைத்துச் சுற்றிய பீடியின் நுனியை மடக்குகிறாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற வீட்டில் அவளுடைய இரண்டு கைகளும் கணக்கில் உண்டு. அதே தெருவில் அவள் வயதுப் பையனோ சைக்கிள் கடையில் நின்று பஞ்சர் ஒட்டப் பழகுகிறான், கொடைக்கு வந்த மேளக்காரரின் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரத்தை உலகுக்குக் கொடுத்த மண் இது என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமை வளர்ந்த கோயில் வாசலும் இரவுக் கச்சேரியும் ஆண் பிள்ளைக்குத் திறந்திருந்தன. பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடம் இல்லை. ஆகவே பாட்டு வகுப்பை எடுத்துவிட்டால் பையன் இழப்பது ஒரு வகுப்பு. பெண் இழப்பது அந்தக் கலை முழுவதையும்.

இரண்டாவது பேச்சாளரின் வாதம் கனமானது. அதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். "தையலும் சமையலும் பெண்ணை அடுப்படியில் கட்டிப்போடக் கொடுத்த பாடங்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று இந்த நாடு தூக்கி எறிந்ததே, அதைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவரப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். அம்மா, அந்தத் திட்டம் பிள்ளையை அரைநாள் பள்ளியைவிட்டு வெளியே அனுப்பிற்று. பெற்றோர் தொழிலையே பழகு என்றது. அதனால்தான் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. நாங்கள் கேட்பது அதற்கு நேர் மாறானது. தொழில் பள்ளிக்குள் வரட்டும். யார் வீட்டுப் பெண்ணும் எந்தத் தொழிலையும் பழகட்டும். தையல் வகுப்பை ஆண் பிள்ளைக்கும், மின்கம்பி இணைக்கவும் மோட்டார் பழுது பார்க்கவும் பெண் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். தையலை மட்டும் பெண் தலையில் கட்டியது பிழை என்றால் அந்தப் பிழையைத் திருத்துவோம். அதற்காகக் கைவேலையையே பள்ளியைவிட்டுத் துரத்துவது என்ன நியாயம்?

அதே 1953இல்தான் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு நம் பத்தமடைப் பட்டுப்பாய் போயிற்று. தாமிரபரணிக் கரைக் கோரையைத் தலைமயிர் போலக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, நூற்றுக்கு மேற்பட்ட பாவு நூலில் அந்தப் பாயை நெய்யும் பெண்கள் நமக்குப் பதினைந்து கல் தொலைவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நம் பள்ளி வகுப்பறைக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்ததில்லை. அந்தத் தாய்மாரின் மகள் நம்மிடம் படிக்கிறாள். அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் "சும்மாதான் இருக்காங்க" என்கிறாள். இந்தப் பதிலை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? தேர்வில் வராதது அறிவே அல்ல என்று பத்தாண்டுகளாகச் சொல்லாமல் சொன்ன நம் நேர அட்டவணைதான்.

கைத்தொழில் பெண்ணை அடிமையாக்கும் என்பதற்கு நம் பக்கத்து ஊர்ச் சரித்திரமே மறுமொழி சொல்கிறது. நாகர்கோவிலில் மிஷனரிப் பணிக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அந்த வருமானத்தைக் கொண்டு அடிமை நிலையிலிருந்து தங்களையே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. அவருடைய மகள் எலிசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். அந்தச் செம்மணல் தேரிக்காட்டு ஊரில் பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். எழுத்தோடு லேஸ் பின்னலும் அங்கே போயிற்று. எழுத்து ஒரு கையிலும் ஊசி மறு கையிலுமாகத்தான் இந்தச் சீமையில் பெண் கல்வி தொடங்கியது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கும் உடற்கல்விக்கும் கைத்தொழில் பழக்கும் பணிக்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பேர் மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். எட்டாம் வகுப்போடு அந்தச் சட்டத்தின் கை நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில், குரல் முதிர்ந்து விரல் படிந்து வருகிற வயதில், அவளுக்காகப் பேச ஒரு வரி இல்லை. எங்கள் பள்ளியில் ஆர்மோனியம் பீரோவுக்குள் இருக்கிறது. துருத்தித் தோலை எலி கடித்துவிட்டது. சாவி யாரிடம் என்று மூன்று தலைமையாசிரியர்கள் மாறியும் தெரியவில்லை.

நாங்கள் கேட்பது மிகச் சிறிது: ஒன்பதிலும் பத்திலும் வாரத்திற்கு இரண்டு பாடவேளை, முழுநேர ஆசிரியர் ஒருவர், அந்த நேரத்தை எவரும், என்னையும் சேர்த்துத்தான், கடன் கேட்கக் கூடாது என்ற ஆணை. நடுவர் அவர்கள் எங்கள் பக்கம் தீர்ப்பளித்தாலும் அளிக்காவிட்டாலும் வரும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நான் அந்த வகுப்புக்குள் நுழைய மாட்டேன். பீரோவின் பூட்டை உடைக்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.