"மேலேருந்து வந்திருக்கு" என்றால் எங்கிருந்து? கோர்ட்டில் ஓர் ஏழாவது நாற்காலி

(காட்சி: கடலூர் மஞ்சக்குப்பம், காலை பத்து மணி. நீதிமன்ற வளாக வாசல். மரத்தடியில் டைப் அடிக்கும் சத்தம்.)

"படிவம் மாறிடுச்சுங்கய்யா. மேலேருந்து வந்திருக்கு."

எங்கள் பக்கத்து நீதிமன்றம் ஒன்றில் என் அப்பாவுக்குக் கிடைத்த பதில் இது. பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பு வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பின் நகல் வேண்டும் என்று மனு எழுதி எடுத்துப் போயிருந்தார். உள்ளே இருந்தவர் ஒரு புரட்டு புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய படிவத்தில் கைபேசி எண் எழுத இடம் இல்லை, புதியதில் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் என்ன இருக்கிறது, மறுநாள் புதுப் படிவத்தில் எழுதிக் கொடுக்கலாமே என்று தோன்றும். முன்சீப் கோர்ட் தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் கெடு. நகலுக்காகக் காத்திருக்கும் நாட்களை அந்தக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்று 1963-ம் ஆண்டு லிமிடேஷன் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. நல்ல பிரிவு. ஆனால் நகல் மனு கோர்ட்டில் ஏறியிருந்தால்தான் அந்தச் சலுகை. ஏறாத மனுவுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேலேன்னா யாரு தம்பி?"

பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதுதான் இந்த வீடியோ. வணக்கம். முதல் முறை பார்க்கிறவர்கள் சேனலைப் பின்தொடருங்கள், அப்புறம் உங்கள் வீட்டில் யாருக்காவது கோர்ட் வேலை இருந்தால் அவர்களுக்கு இதை அனுப்பிவையுங்கள்.

வரலாறை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சென்னை உயர் நீதிமன்றம் 1862-ல் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி புதுச்சேரியை ஒப்படைத்த 1962-ல் புதுச்சேரி நீதிமன்றங்களும் அதன்கீழ் வந்தன. ஆகவே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் "மேலே" என்றால் ஒரே இடம்தான்.

சரி, அந்த மேலிடத்தில் யார்?

உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இரண்டு வேலை. வழக்கு விசாரிப்பது நாம் எல்லோரும் பார்க்கிற வேலை. இன்னொன்று நிர்வாகம். வக்கீல்கள் இதை "அட்மின் சைடு" என்பார்கள். அரசியலமைப்பின் 227-வது பிரிவுப்படி, கீழ் நீதிமன்றங்களிடம் அறிக்கை கேட்கலாம், நடைமுறைக்குப் பொது விதிகள் போடலாம், படிவங்களை வகுக்கலாம், எந்தப் புத்தகத்தில் என்ன எழுதி வைக்க வேண்டும் என்றுகூடச் சொல்லலாம். மாவட்ட நீதிமன்றங்களின் மீதான கட்டுப்பாடு 235-வது பிரிவில். உயர் நீதிமன்றத்தின் சொந்த ஊழியர்கள் 229-வது பிரிவில், தலைமை நீதிபதியின் கையில்.

"படிவங்களை வகுக்கலாம்" என்பதைக் கவனித்தீர்களா? அப்பாவைத் திருப்பி அனுப்பிய தாளின் வேர் அரசியலமைப்பில் இருக்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிவில் வழக்குகளுக்கு நாம் வைத்திருப்பது 1908-ம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம். அதன் பிரிவுகளை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால் பின்னால் முதல் அட்டவணை என்று ஒன்று வருகிறது. சம்மன் எப்படி அனுப்புவது, சாட்சியை எப்படி விசாரிப்பது என்பதெல்லாம் அதில்தான் விதிகளாக இருக்கின்றன. இந்த விதிகளை உயர் நீதிமன்றமே தன் எல்லைக்குள் மாற்றிக்கொள்ளலாம். வக்கீல் அலுவலகத்தில் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், பல விதிகளுக்கு அடியில் சிறிய எழுத்தில் சென்னைக்கான திருத்தம் என்று அச்சிட்டிருக்கும்.

அந்தத் திருத்தத்துக்கு யோசனை சொல்ல ஒரு குழு வேண்டும் என்கிறது அதே 1908 சட்டத்தின் 123-வது பிரிவு. உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூன்று பேர். இரண்டு வக்கீல்கள். கீழ் நீதிமன்ற நீதிபதி ஒருவர். ஆக ஆறு பேர். மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகளில் ஒருவராவது மூன்று வருடம் மாவட்ட நீதிபதியாக வேலை பார்த்திருக்க வேண்டும். கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆள் ஒருவர் கட்டாயம் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்று 1908-லேயே யோசித்தவர்களுக்கு என் மரியாதை.

ஆறு பேரை எண்ணி முடித்த பிறகு அதே பிரிவு ஏழாவதாக ஓர் ஆளைச் சொல்கிறது: குழுவுக்கு ஒரு செயலாளர். நியமிப்பது உயர் நீதிமன்றம், ஊதியம் மாநில அரசு. அவர் உறுப்பினர் கிடையாது, அதனால் முடிவெடுப்பதில் அவருக்குக் குரல் இல்லை. ஆனால் சட்டமே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறது.

உயர் நீதிமன்றம் முழுவதற்கும் இதே ரகத்தில், இதைவிடப் பல மடங்கு பெரிய பொறுப்பு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் பதிவாளர் ஜெனரல். மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் இருப்பவர்தான் வழக்கமாக இங்கே வருகிறார். அவருக்குக் கீழே நீதித்துறை, நிர்வாகம், கண்காணிப்பு, கணினி என்று தனித்தனிப் பதிவாளர்கள். மாவட்ட நீதிபதிகளின் இடமாற்றப் பட்டியலாகட்டும், சுற்றறிக்கையாகட்டும், கடைசிப் பக்கத்தில் இருப்பது பதிவாளர் ஜெனரலின் கையெழுத்து. முடிவு நீதிபதிகளுடையது, பெயர் இவருடையது.

(காட்சி: பாகூர் மூலநாதர் கோயில் சுவர். கல்வெட்டு எழுத்துகள் அருகில்.)

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கும் பாகூருக்கு இதற்காகவே வந்தேன். இந்தச் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழ அரசர்கள் ஓர் ஆணை போட்டால் அது எப்படி ஊருக்கு வந்து சேரும் தெரியுமா?

அரசர் எழுத மாட்டார். வாயால் சொல்வார். அதைக் கேட்டதற்குப் பெயரே "திருவாய்க் கேள்வி". கேட்டதை ஓலையில் எழுதுகிற அதிகாரிக்குத் "திருமந்திர ஓலை" என்று பெயர். எழுதியது சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒப்பமிட மேலே இன்னொருவர், "திருமந்திர ஓலை நாயகம்". பிறகு அந்த ஓலை புரவுவரித் திணைக்களத்துக்கு, அதாவது நிலவரிக் கணக்குத் துறைக்குப் போகும். அங்கே அதை வரியில் ஏற்றுவார்கள், அதாவது பதிவேட்டில் எழுதுவார்கள். கேட்டவர், எழுதியவர், ஒப்பிட்டவர், ஏற்றியவர் என்று வரிசையாகப் பெயர்களைப் போட்டிருப்பார்கள். ஏதாவது தப்பு நடந்தால் எந்தக் கையில் நடந்தது என்று பிடித்துவிடலாம்!

ராஜராஜன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடுத்த செப்பேட்டில் இந்த வரிசை முழுசாக இருக்கிறது. ஓலை ஊருக்கு வந்ததும் நாட்டார் எதிர்கொண்டு போய், தொழுது, தலைமேல் வைத்து வாங்கிக்கொள்கிறார்கள். பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றி வருகிறார்கள். "பிடி சூழ்ந்து" என்பது அதற்கான வார்த்தை. மேலே ஒருவர் வாயால் சொன்ன சொல், கீழே வயல் வரப்பில் யானைக் காலடியாக விழுகிறது.

என்னைக் கேட்டால், பதிவாளர் ஜெனரலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. அவர் நம் காலத்து ஓலை நாயகம். நீதிபதிகள் கூடிப் பேசுவார்கள். பேசியதைக் குறிப்பாக்கி, குறிப்பை உத்தரவாக்கி, எண் போட்டு, தேதி போட்டு, மாவட்டத்துக்கு அனுப்புவது அந்த அலுவலகம்.

அந்த ஓலையை மாவட்டத்தில் வாங்கிக்கொள்பவருக்குப் பழைய பெயர் சிரஸ்தார். நம் கோர்ட்டுகளில் இன்றும் புழங்குகிற வார்த்தை. பாரசீகத்திலிருந்து வந்தது. "சர்" என்றால் தலை, "ரிஷ்தா" என்றால் நூல், "தார்" என்றால் வைத்திருப்பவர். நூலின் தலைப்பைக் கையில் வைத்திருப்பவர்! கட்டுக் கட்டாக நூல் சுற்றி வைத்திருக்கும் கோப்புகளைப் பார்த்திருப்பீர்களே, அந்த அறைக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் இதே மாதிரி வேலைக்கு வைத்த பெயர் கிரெஃபியே. அதன் வேர்ச்சொல் எழுதுகோல். ஒருவர் நூல், ஒருவர் எழுத்தாணி, நாம் பதிவு. இந்த மூன்று பெயரும் அதிகாரத்தைச் சொல்லவில்லை, வேலையைத்தான் சொல்கின்றன.

புதுச்சேரி என்றதும் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1827-லேயே அங்கே உள்ளூர் வழக்கங்களைப் பற்றி பிரெஞ்சு நீதிபதிகளுக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைத்தார்கள். நீதிபதிக்குப் பக்கத்தில் வேறு ஆட்களும் உட்கார வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் பழையது. அப்புறம் வரைபடத்தைப் பாருங்கள். புதுச்சேரியோடு சேர்ந்தவை காரைக்கால், மாஹே, ஏனாம். மாஹேயைச் சுற்றிக் கேரளம், ஏனாமைச் சுற்றி ஆந்திரம். இருந்தாலும் இரண்டு ஊர் நீதிமன்றங்களும் சென்னைக்குத்தான் கட்டுப்பட்டவை. சென்னையில் ஒரு படிவத்தில் ஒரு கட்டம் கூடினால், மலையாளம் பேசுகிற மாஹேயில் ஒருவர் அதை நிரப்ப வேண்டும், தெலுங்கு பேசுகிற ஏனாமிலும் ஒருவர் நிரப்ப வேண்டும்.

இப்போது பலரும் கேட்கிற கேள்வி. முடிவெடுக்காத பதவிக்கு என்ன பெரிய பலம்?

ஒரு கூட்டம் நடக்கிறது என்று வையுங்கள். பதினைந்து விஷயங்கள் இருக்கின்றன. எது முதலில், எது அடுத்த மாதத்துக்கு? மாவட்டங்களிலிருந்து வந்த பதில்களைச் சுருக்கி ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். முன்பு இதே விஷயத்தில் என்ன முடிவெடுத்தோம் என்று தேடி எடுத்து வைக்க வேண்டும். வழக்கு விசாரித்துவிட்டு மாலையில் வந்து உட்காரும் நீதிபதிகளின் கையில் முதலில் இருப்பது அந்தக் குறிப்புதான். கடலூரிலிருந்து போன குறை அதில் ஒரு வரியாக இருந்தால் பேசப்படும். விட்டுப்போனால் அடுத்த தடவைதான். நேர்மையான, கைதேர்ந்த ஆள் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பெயர் போடுவதால் பழியும் வந்து சேரும். பணி நியமனம், இடமாற்றம் பற்றி உயர் நீதிமன்றத்தின் மீதே யாராவது வழக்குப் போட்டால், எதிர்மனுதாரர் இடத்தில் "பதிவாளர் ஜெனரல், சென்னை உயர் நீதிமன்றம்" என்று இருக்கும். தான் வேலை பார்க்கும் கட்டடத்திலேயே, தான் குறிப்பு எழுதிக் கொடுக்கும் நீதிபதிகளின் முன்னால், பதில் மனு போட்டு நிற்க வேண்டிய வேலை.

இந்த விதிகளுக்கு எவ்வளவு கனம் என்பதற்கு ஒரு தீர்ப்பு. குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வழக்குக் கட்டில் உள்ள ஆவணங்களின் நகல் வேண்டுமானால் உயர் நீதிமன்ற விதிப்படி மனு போட்டுத்தான் வாங்க வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வர முடியாது. நாடாளுமன்றம் போட்ட அவ்வளவு பெரிய சட்டமே இந்த இடத்தில் நகல் விதிக்கு வழிவிடுகிறது. அப்பாவின் கையில் இருந்தது சாதாரணத் தாள் இல்லை.

என் கருத்தைச் சொல்கிறேன், உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள். சுற்றறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது, கோப்பில் போய் உட்காருகிறது. கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியும், வக்கீல் குமாஸ்தாவுக்கு இரண்டு நாளில் தெரிந்துவிடும். வயலை விட்டுவிட்டு பண்ருட்டியிலிருந்தோ திட்டக்குடியிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவருக்கு, மனு திரும்பி வரும்போதுதான் தெரிகிறது. படிவம் மாறினால், மாறும் நாளுக்கு முன்பே தமிழில் ஒரு பக்கம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பழைய படிவத்தையும் ஒரு மாதம் வாங்கிக்கொள்ள வேண்டும். சோழர்கள் ஓலையை ஊரார் கையில் கொடுத்து யானையை நடத்தி ஊருக்கே காட்டினார்கள். நாம் கேட்பது ஒரு தாள், நாலு குண்டூசி.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. "மேலேருந்து வந்திருக்கு" என்று யாராவது சொன்னால் கோபப்படாமல் கேளுங்கள்: "எண் என்னங்க, தேதி என்னங்க?" உயர் நீதிமன்றச் சுற்றறிக்கை என்றால் இரண்டும் கட்டாயம் இருக்கும். எண் இருந்தால் உங்கள் வக்கீல் தேடி எடுத்துவிடுவார்.

அப்பா மறுநாள் முதல் பஸ்ஸில் போனார். மரத்தடியில் புதுப் படிவத்தை அடித்து வாங்கி மனுவை ஏற்றினார். பிறகு அதே தம்பியிடம் எண்ணும் தேதியும் கேட்டார். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கோப்பின் நூலை அவிழ்த்து, பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

(காட்சி: மேசையில் வழக்குக் கட்டு. நூல் அவிழ்கிறது. முதல் தாளில் குண்டூசி குத்திய ஒரு பஸ் டிக்கெட்.)