சவாசனத்தை ஸ்கிப் பண்ணாதீங்க: டென்ஷன் குறைஞ்சா உடம்பு ஆறுறதுக்கு எப்படி உதவுது?

வணக்கம். யோகா கிளாஸ் போறவங்கள்ல நிறைய பேர் ஆசனம் எல்லாம் முடிஞ்சு சவாசனம் வர்ற நேரத்துல பாயைச் சுருட்டிட்டு கிளம்பிடுறாங்க, சும்மா படுத்துக் கிடக்கறதுக்கு எதுக்கு டைம் வேஸ்ட்டுன்னு. ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்க, மாசக்கணக்கா டென்ஷன்லயே இருக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் என்னைக் கேட்டா அந்தக் கடைசி பத்து நிமிஷம்தான் கிளாஸே. ஏன்னு சொல்றேன், முடிவுல சேர்ந்து செஞ்சும் பாத்துடலாம்.

கவலையோ பயமோ வந்தா அட்ரினலின், கார்டிசால்ங்கற ஹார்மோன்கள் ரத்தத்துல ஏறுது, இதயத்துடிப்பு கூடுது, தசை இறுகுது. ஒரு ஆபத்துல இருந்து தப்பிக்க அது வேணும்தான். ஆனா நம்ம ஆபத்து இஎம்ஐயாவும், வீட்ல படுத்திருக்கற நோயாளியாவும் இருந்தா அது அஞ்சு நிமிஷத்துல முடியற விஷயமில்லையே, அதனால இறுகின தோள் இறுகினபடியே கிடக்கு, நமக்கே தெரியறதில்ல. இப்பவே பாருங்க, பல்லைக் கடிச்சிட்டு இருக்கீங்களா? தோள் மேல ஏறியிருக்கா? இறக்கி விடுங்க.

இதுக்கும் புண் ஆறுறதுக்கும் என்ன சம்பந்தம்? புண் ஆறணும்னா முதல்ல அந்த இடம் சிவந்து லேசா வீங்கணும், நோய் எதிர்ப்பு செல்கள் அங்க வந்து சேதமானதை அகற்றணும், அப்புறம்தான் புதுத் திசு வளரும். கார்டிசால் ரொம்ப நாளா அதிகமாவே இருந்தா இந்த முதல் வேலையே மந்தமாயிடுது. 1995ல அமெரிக்காவுல ஒஹாயோ ஸ்டேட் யூனிவர்சிட்டி ஆளுங்க இதை நேரடியா அளந்தாங்க. மறதி நோய் வந்த உறவினரைப் பாத்துக்கற 13 பெண்கள், அப்படிப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள், ரெண்டு குரூப்புக்கும் கையில 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே மாதிரி சின்னக் காயம். நோயாளியைப் பாத்துக்கறவங்களுக்கு அது ஆற ஏறக்குறைய 9 நாள் கூடுதலா ஆச்சு. நம்ம வீடுகள்ல படுக்கையில இருக்கற அம்மா அப்பாவைப் பாத்துக்கற பொண்ணையோ மருமகளையோ யாரும் நோயாளியா நினைக்கறதே இல்ல, ஆனா அவங்க உடம்பும் அடி வாங்குதுங்கறது இதுல அப்பட்டமா தெரியுது.

சரி, டென்ஷனைக் குறைச்சா நிலைமை மாறுமா? 2012ல நியூசிலாந்துல பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்தவங்கள்ல ஒரு பகுதி பேருக்கு முன்னாடியே ரிலாக்சேஷன் சொல்லிக்கொடுத்து, வீட்டுல கேக்கறதுக்கு சிடியும் கொடுத்தாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் காயத்துல கொலாஜன், அதாவது புதுத் திசுவைக் கட்டற புரதம், உருவாகறதுக்கான அடையாளம் அவங்களுக்கு அதிகமா இருந்துச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா எனக்கு ரொம்ப நம்பிக்கை கொடுத்தது இது. நம்ம நாட்டுல அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1969ல, பம்பாய்ல டாக்டர் கே.கே. தாதே குழு 47 பிபி நோயாளிகளுக்கு சவாசனம் கத்துக்கொடுத்து, பலருக்கு பிபி இறங்கினதா எழுதியிருக்காங்க.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்லிடறேன். இது மருந்தோட சேர்த்து செய்யறது, மருந்துக்குப் பதிலா இல்ல. கீமோ எடுக்கறவங்களுக்குப் பதட்டம் குறையவும் தூக்கம் வரவும் இது உதவலாம், ஆனா கட்டியைக் கரைக்காது, கரைக்கும்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க. சுகர் இருக்கறவங்க கால்ல புண்ணு வந்தா உடனே டாக்டர்தான். பிபி மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க.

இப்ப செய்யலாம். சவாசனத்தோட, சிகாகோவுல இருந்த எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு டாக்டர் 1920கள்ல உருவாக்கின முறையைச் சேர்த்துக்கப் போறோம். ரிலாக்ஸ் பண்ணுங்கன்னு சொன்னா யாருக்கும் வராது, ஏன்னா எங்க இறுக்கம் இருக்குன்னே தெரியாது, அதனால முதல்ல இறுக்கி அது எப்படி இருக்குன்னு உணர்ந்துட்டு அப்புறம் விடணும், அதுதான் அவர் கத்துக்கொடுத்தது.

மல்லாந்து படுங்க. முட்டிக்குக் கீழ ஒரு தலைகாணி வெச்சா இடுப்புக்கு சுகமா இருக்கும். வயித்துல குழந்தை இருந்து மாசம் ஏறிட்டா மல்லாந்து வேணாம், இடது பக்கமா படுங்க. நெஞ்செரிச்சல் இருந்தா தலையைக் கொஞ்சம் உயர்த்திக்கோங்க. கண்ணை மூடினா பதட்டம் வர்றவங்க, பெரிய அதிர்ச்சி ஏதாவது பாத்தவங்களுக்கு அப்படி வரலாம், கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு நாற்காலில உக்காந்தே செய்யுங்க, எந்தக் குறையும் இல்ல.

பாதத்தை மடக்கி இறுக்குங்க. மூச்சை அடக்காதீங்க. அஞ்சு எண்ணற வரைக்கும். இப்ப விடுங்க. விட்டதும் ஒரு கதகதப்பு பரவுதா, அதைக் கவனிங்க, நான் கொஞ்ச நேரம் பேசல.

கெண்டைக்கால், அப்புறம் தொடை. இறுக்கி, விடுங்க. தையல் போட்ட இடம் எதுவோ அதையும் அதைச் சுத்தியும் இறுக்கவே வேணாம், சிசேரியன் ஆனவங்க வயித்தை அப்படியே விட்டுட்டு கைக்குப் போயிடுங்க. முஷ்டி, தோள். கடைசியா முகம், நல்லா சுருக்கி, விடுங்க.

இனி மூச்சு மட்டும். நாலு எண்ணி உள்ள இழுங்க, ஆறு எண்ணி வெளிய விடுங்க. வெளிய விடறதுதான் நீளமா இருக்கணும், ஏன்னா மூச்சு வெளிய போகும்போது, மூளையில இருந்து இதயத்துக்குப் போற வேகஸ்ங்கற நரம்பு வழியா இதயத்துடிப்பு கொஞ்சம் இறங்குது, ஒவ்வொரு மூச்சுலயும் அது நடக்குது. எண்ணிக்கை கஷ்டமா இருந்தா விட்டுடுங்க, மெதுவா விட்டா போதும். நடுவுல தூங்கிட்டா தூங்குங்க, பல நாள் சரியா தூங்காத உடம்பு அது.

எழுந்திருக்கறப்ப வெடுக்குனு எழாதீங்க. கை கால் விரலை அசைச்சு, வலது பக்கமா ஒருக்களிச்சு, கையை ஊன்றி உக்காருங்க. பிபி மாத்திரை போடறவங்க ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டு எழுந்திருங்க, சட்டுனு எழுந்தா தலை சுத்தும்.